கேளாமல் தூக்கிய கைகள்

பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான லாஷப்பலில் எதையாவது தூக்க வேண்டுமென்றால் ஐங்கரனைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே ரூ பெர்தொனே தெருவில் ஸ்ரீஸ்கந்தராசாவின் பலசரக்குக் கடைக்கு வரும் அரிசி மூட்டையும் மாப்பெட்டியும் உறைந்த மீன் பெட்டியும் லொறியிலிருந்து நிலவறை வரைக்கும் அவன் தோளில்தான் போகும். புறநகரான சார்செலில் யாராவது வீடு மாறினால், லிப்ட் பழுதான கட்டடமாகத்தான் இருக்கும், குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்து மேல்மாடிக்கு ஏற்றிவிட்டு ஒரு பிளேன்டீயோடு திரும்பிவிடுவான். அதற்குக் கூலி கேட்கமாட்டான். "ஐங்கரன் அண்ணை மாதிரி வருமோ" என்று நாலு பேர் சொன்னால் போதும், அவனுக்கு வயிறு நிறைந்துவிடும். புகழ்ச்சிக்கு மயங்காதவன் யார்? ஐங்கரன் கொஞ்சம் கூடுதலாகவே மயங்குவான், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவனுக்கு மனைவியைத் தூக்குவதா பெரிய காரியம்? கோசலைக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்து, அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, கால்கள் போய்விட்டன. வாய் மட்டும் முன்னைவிட நன்றாகவே வேலை செய்தது. சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவள் கேட்டது, "எப்ப லாஷப்பலுக்குப் போறம்?" என்றுதான். தங்கம் என்ன விலை, யார் வீட்டில் கலியாணம், எந்தக் கடைக்கு முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அவர்கள் இருந்தது கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில். அங்கிருந்து பாரிசுக்கு டி லைன் ரெயில். மேடைக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு படியும் ஒரு இடைவெளியும் உண்டு. ஐங்கரன் குனிந்து, நாற்காலியோடு சேர்த்து அவளைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவான். பக்கத்தில் நம் பொடியன் எவனாவது நின்றால் மறுபக்கம் பிடிப்பான்.

"ஸ்டேசன் ஆக்களைக் கேட்டால் பலகை போட்டு ஏத்துவினமாம்" என்று கோசலை ஒருமுறை சொன்னாள்.

"ஏன், நான் செத்தோ போனன்?" என்றான் ஐங்கரன். "மற்றவனுக்கு ஏன் கரைச்சல் குடுப்பான்?"

நம் ஆட்களின் நியாயம் அது. அடுத்தவனிடம் உதவி கேட்பது மானக்கேடு. வீட்டு ஆள் தூக்கினால் பாசம். தூக்கப்படுகிறவருக்கு அது என்ன என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

பிறகு பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழா வந்தது. லாஷப்பல் தெருவில் கற்பூரப் புகை, உடைத்த தேங்காய், கால் வைக்க இடமில்லாத சனம். சக்கர நாற்காலி நகரவில்லை. முன்னால் நிற்கிறவர்களின் முதுகைத் தவிரக் கோசலைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐங்கரன் பார்த்தான். ஒரு சொல் சொல்லாமல் அவளை அப்படியே இரண்டு கையிலும் வாரி, நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்தான். பிள்ளையார் அவள் கண்ணுக்கு நேரே வந்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். யாரோ படம் பிடித்தார்கள். அன்று பின்னேரமே அது எல்லார் கைபேசியிலும் சுற்றி வந்தது. "கட்டினவன் எண்டால் இப்பிடி இருக்கோணும்" என்று கனடாவிலிருந்தெல்லாம் எழுதினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா கடைக் கல்லாவுக்கு மேலே அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினார்.

அதற்குப் பிறகு கோசலை லாஷப்பலுக்கு வரவில்லை.

தலையிடி என்றாள். குளிர் என்றாள். "நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள். ஐங்கரனும் முருங்கைக்காயையும் ஊர்க்கதைகளையும் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் கொடுத்தான். யாராவது கேட்டால், "கூட்டம் அவவுக்கு ஒத்துவராது" என்று அவனே ஒரு காரணம் சொல்லிவைத்தான். அவள் சேலை கட்டுவதை விட்டதையும் பார்த்தான். நாற்காலியில் இருக்கிறவளுக்குச் சேலை எதற்கு என்று அதற்கும் தானே பதில் சொல்லிக்கொண்டான். வருடங்கள் இப்படியே போயின.

மகள் சுபாங்கி கலியாணம் கட்டி அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். வந்தே ஆகவேண்டும் என்று அழுதாள். போனார்கள். விமான நிலையத்தில் யாரோ சீருடைக்காரர் கோசலையைத் தள்ளிக்கொண்டு போனதை, டிக்கெட்டோடு வந்த மரியாதை என்று ஐங்கரன் பெரிய மனதோடு விட்டுவிட்டான்.

ஒரு காலை மூவருமாக ரெயிலில் பிலடெல்பியா பார்க்கக் கிளம்பினார்கள். ஊர் சின்னது, ஸ்டேசனும் சின்னது. மேடை தரையோடு தரையாக இருந்தது. ரெயில் வந்து நின்றபோது அதன் வாசல் ஐங்கரனின் இடுப்புயரத்தில் இருந்தது. ஏறுவதற்குச் செங்குத்தான படிகள். அவன் மனதுக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

உள்ளேயிருந்து கண்டக்டர் இறங்கி வந்தாள். பருத்த உடம்பு, நரைத்த சுருள் முடி, கறுப்பினப் பெண்மணி. ஐங்கரனை அவள் கவனிக்கவேயில்லை. நேரே கோசலைக்கு முன்னால் வந்து, அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"அவவுக்கு இங்கிலிஷ் தெரியாது, என்னட்டைக் கேளுங்கோ" என்று ஐங்கரன் தமிழிலேயே குறுக்கிட்டான்.

சுபாங்கி தாயிடம் தமிழில் சொன்னாள். நாற்காலியிலேயே இருந்து ஏற விருப்பமா, உள்ளே எந்தப் பக்கம் பார்த்து இருக்க விருப்பம் என்று கேட்கிறாளாம்.

கோசலை கண்டக்டரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நாற்காலியிலை. யன்னல் பக்கம்" என்றாள்.

கண்டக்டர் மேடையோரம் பூட்டியிருந்த ஒரு பெட்டியைத் திறந்து, சக்கரம் வைத்த இரும்புத் தட்டு ஒன்றை உருட்டி வந்தாள். அதன்மேல் நாற்காலியை ஏற்றி, கைப்பிடியைச் சுற்றினால் தட்டு மெல்ல மெல்ல உயருமாம். அவள் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் எல்லாம் செய்தாள். பூட்டைப் பார்த்தாள், பட்டியைப் பார்த்தாள். ரெயில் யன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐங்கரனுக்கு நெருப்பில் நிற்பதுபோல இருந்தது. தங்களால் ஒரு ரெயில் பிந்துவதா? ஊர் உலகமெல்லாம் பார்க்கிறதே!

"இதென்ன, ஒரு நிமிச வேலை" என்றான். குனிந்தான். கோசலையை வாரித் தூக்கிவிட்டான்.

"இறக்குங்கோ" என்றாள் கோசலை மெதுவாக.

அவன் முதற்படியில் கால் வைத்தான்.

"இறக்குங்கோ என்னை!"

பெட்டிக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. பாஷை தெரியாத கண்டக்டருக்கும் விளங்கியது. ஓடிவந்து கையை நீட்டி மறித்தாள். சத்தம் போடாமல் ஐங்கரனிடம் ஒரு வசனம் சொன்னாள். சுபாங்கி தகப்பனைப் பார்க்காமல் அதைத் தமிழில் சொன்னாள்: "அம்மாவைக் கேட்டுட்டோ தூக்கினனீங்கள் எண்டு கேக்கிறா, அப்பா."

ஐங்கரன் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. மூட்டையை யார் கேட்டுத் தூக்குவார்கள்?

அவளை நாற்காலியில் இறக்கிவிட்டுத் தள்ளி நின்றான். தட்டு உயர்ந்தது. கோசலை இருந்தபடியே, நிமிர்ந்து, அவன் தலையைவிட உயர்ந்து ரெயிலுக்குள் போனாள்.

உள்ளே நாற்காலிக்கென்றே அகலமாக இடம் விட்டிருந்தார்கள். முழங்கால் இடிக்காத உயரத்தில் மேசை. பக்கத்தில் அகலக் கதவு வைத்த கழிவறை. பாதி வழியில் கோசலை யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை உருட்டிக்கொண்டு அதற்குள் போனாள். ஐங்கரன் பாதி எழுந்தான். சுபாங்கி அவன் கையைப் பிடித்து இருத்தினாள். கொஞ்ச நேரத்தில் கோசலை தானே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கோப்பி கேட்டாள். பெரிய கோப்பை. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

அப்போதுதான் ஐங்கரனுக்கு உறைத்தது. பயணம் என்றால் கோசலை முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். கேட்டால் விரதம் என்பாள். இத்தனை காலமும் அவன் அதை நம்பிக்கொண்டிருந்தான். பக்தி கூடிப்போச்சு என்று கடையில் பகிடியும் விட்டிருக்கிறான்.

"இஞ்சாரும், நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?" என்று கேட்டான்.

கோசலை யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்டைக்குத் தேரிலை தூக்கினீங்களெல்லோ. சேலை முழங்காலுக்கு மேலை ஏறீட்டுது. கீழை இழுத்து விடுவம் எண்டால் கையை எடுக்க ஏலாது, எடுத்தால் விழுந்துடுவன். உங்கட கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு சனத்துக்கு நடுவிலை அப்பிடியே கிடந்தனான். பிள்ளையாரைக்கூட நான் பாக்கேல்லை, கண்ணை மூடீட்டன். சனம் உங்களுக்குக் கை தட்டினது."

"சொல்லியிருக்கலாமே..."

"எல்லாரும் உங்களைக் கடவுள் எண்டேக்கை நான் என்னத்தைச் சொல்ல?"

பிலடெல்பியா எப்படி இருந்தது என்று கேட்டால் ஐங்கரனுக்குச் சொல்லத் தெரியாது. அவன் ஒன்றையும் பார்க்கவில்லை.

பாரிசுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைக் கிழித்தான். ஸ்ரீஸ்கந்தராசா பதறிப்போனார். "என்னடாப்பா, நல்ல படமெல்லோ?" ஐங்கரன் துண்டுகளைக் கசக்கிக் குப்பையில் போட்டான். அந்தப் படத்தில் அவனுடைய முகத்தில் இருந்த பெருமையை அவனாலேயே பார்க்க முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் கண்ணை இறுக மூடியிருந்த ஒரு முகத்தை, தினமும் அதன் கீழேதான் மூட்டை சுமந்தும், ஒருநாளும் பார்க்கவில்லையே என்று வெட்கப்பட்டான்.

பிறகு கார்ஜ் ஸ்டேசனில், வேலைக்குப் போகும்போதெல்லாம் கடந்துபோன அதே கவுண்டரில் நின்று, சக்கர நாற்காலிக்கு என்ன வழி என்று கேட்டான். உள்ளே இருந்த இளம்பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்: வந்து சொன்னால் பலகை கொண்டுவந்து போடுவோம், இறங்குகிற இடத்துக்கும் அறிவித்துவிடுவோம். புது ஏற்பாடோ என்று கேட்டான். இல்லை, நான் வேலைக்குச் சேர முன்னமே இருக்கிறது என்றாள். புது ஏற்பாடு என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

வீட்டில் வந்து கோசலையிடம் சொன்னான். மன்னிப்புக் கேட்கவும் வாயெடுத்தான். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"அப்ப நாளைக்கு லாஷப்பல் போறன்" என்றாள்.

"ஓம், வெள்ளென வெளிக்கிடுவம்."

"நான் போறன். நீங்கள் அடுத்த ரெயினிலை வாங்கோ."

மறுநாள் கோசலை சேலை கட்டியிருந்தாள். கவுண்டர்ப் பெண் பலகையைக் கொண்டுவந்தாள். ரெயில் வந்து கதவு திறந்ததும் ஐங்கரனின் முதுகு தானாகக் குனிந்தது. சட்டென்று நிமிர்ந்து இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். கோசலை பலகையில் உருண்டு உள்ளே போனாள். யன்னல் பக்கம் திரும்பி நாற்காலியை நிறுத்தினாள். கதவு மூடியது.

அவளுடைய இரண்டு கைகளும் சும்மா இருந்தன. குனிந்து, சேலைக் கரையைப் பாதம் வரைக்கும் இழுத்துவிட்டாள்.