போர்டு கொடுத்த ஒரு வருஷம்

கொல்லிமலையில் எனக்கு வேலை கிடைத்தபோது வயது இருபத்துமூன்று. கணவர் இறந்துபோன பிறகு, அண்ணன் தயவால் சேலத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்து முடித்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் மலைக்கென்று ஒரு மருத்துவச்சி வேலையை ஜில்லா போர்டில் புதிதாகப் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். பிரசவங்கள் நடப்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்வார்களாம். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து வேறு யாரும் அந்த வேலையைக் கேட்கவில்லை. எங்கள் ஊர் அடிவாரத்திலேயே இருந்ததால் எனக்கு மலை அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

அப்போது வண்டிப்பாதை கிடையாது. தகரப் பெட்டியை ஓர் ஆள் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் ஏறினேன். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அப்படி ஒன்றான குண்டூர் நாட்டில் கம்பவுண்டர் வாரம் ஒருநாள் வந்து மருந்து கொடுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் பின்பக்க அறையை எனக்குக் கொடுத்தார்கள்.

ஆறு மாதத்தில் நான்கு பேர்தான் பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மலையிலேயே பிறந்து வளர்ந்த மருத்துவச்சி ஒருத்தி அவர்களுக்கு இருந்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். இறந்துபோன மாமியாரிடமிருந்து வந்த தொழில். நல்ல உயரம்; சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். என்னிடம் ஜனங்கள் காய்ச்சலுக்குத்தான் வந்தார்கள். கம்பவுண்டர் விட்டுப்போன கொயினா மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன், கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொல்வேன், நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். பகல் முழுக்க வேலை சரியாக இருந்தது. ஆனால் என் பதிவேட்டில் பிரசவத்துக்கு மட்டும்தான் கட்டம். காய்ச்சலை எழுத அதில் இடமில்லை.

போர்டிலிருந்து காகிதம் வந்தது. பிரசவங்கள் போதாது, இப்படியே இருந்தால் அடுத்த வருஷம் இந்த வேலை இருக்காது என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அவள் தன் புருஷனுக்குக் கொயினா வாங்க வந்திருந்தாள். மனது தாங்காமல் அவளிடமே சொல்லிவிட்டேன். காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து ஒருவர் வந்து வாசலில் நின்றார். அவள்தான் என்னைக் கையோடு கூட்டிவரச் சொன்னாளாம். போனால், குழந்தை பிறக்கிற சமயம். அவள் நகர்ந்து எனக்கு இடம்விட்டாள். தொப்புள்கொடியை நான் வெட்டினேன். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “நர்சம்மா நோட்டுல உங்க பேரைச் சொல்லுங்க” என்றாள்.

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு ஆள் அனுப்பினாள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் பார்க்கும் பிரசவத்தை என் பெயரில் எழுதுவது திருட்டு மாதிரி இருந்தது. ஒருநாள் அதை அவளிடம் சொன்னேன்.

“நீங்க போயிட்டா காச்சலுக்கு மருந்து யாருங்க தருவாங்க?” என்றாள். “எம்பேரு நோட்டுல இருந்து எனக்கென்னங்க ஆகப்போவுது?”

அப்புறம் ஆலத்தூர் நாட்டில் ஒரு பிரசவம். குழந்தை பிறந்தும் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. அவள் தாயின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் பெட்டியிலிருந்த மருந்தைக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் கைகால் சூடேறும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. வெளியே வந்து வாழையடியில் ஒருத்திக்கு ஒருத்தி தண்ணீர் ஊற்றிக் கை கழுவிக்கொண்டோம். அன்றைக்குப் பதிவேட்டில் எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

மாசி மாதம் போர்டு மெம்பர் ஒருவர் ஆட்கள் சுமக்கும் டோலியில் ஏறி வந்தார். சமவெளியில் பெரிய பண்ணையம் உள்ளவர், கெட்டவர் இல்லை. பதிவேட்டைப் புரட்டிவிட்டு, பரவாயில்லையே என்றார். பிறகு, பக்கத்தில் நின்ற அவளைக் காட்டி இது யார் என்று கேட்டார். மலை மருத்துவச்சி என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நோட்டில் இருக்கிற ஒவ்வொரு பிரசவத்திலும் அவள் கை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அவர் பதிவேட்டை மூடினார். “இந்தம்மா சம்பளமில்லாம பாக்கறாங்கன்னா, போர்டு எதுக்கும்மா இன்னொரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும்?”

மலையில் வசூலாகும் வரி, கம்பவுண்டர் வந்துபோகும் செலவுக்கே காணாது, சமவெளி மெம்பர்கள் கூட்டத்தில் இதைத்தான் கேட்பார்கள் என்று அவரே வருத்தத்தோடு விளக்கினார்.

அவள் முன்னால் வந்தாள். “சாமி, எங்கையில மருந்து இல்லீங்க. இவங்க கையில இருக்குது. ரெண்டு கையும் வேணுமுங்க.”

அவர் தலையை ஆட்டினார், எழுதியும் கொண்டார். ஆனாலும் பங்குனிக் கூட்டத்தில் மலை வேலையை எடுத்துவிட்டார்கள். அவர் பேசிப் பார்த்ததில் என்னை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மலைக்காரர்கள் தேவையானால் அங்கே இறங்கி வரலாம் என்று உத்தரவு. வலி கண்டவள் அந்தச் சரிவில் எப்படி இறங்குவாள் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பலநாள் நினைத்து அழுதிருக்கிறேன். அவள் அதற்காக ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. லீவு கிடைக்கும்போது ஏறிப்போவேன். என்னிடம் இருந்த ஒரு கத்திரிக்கோலை அவளுக்குக் கொடுத்து, கொதிக்கவைத்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆவணியில், மழை சற்று விட்டிருந்த காலையில், ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்திருந்த அறை வாசலில் அவள் வந்து நின்றாள். நிறைவயிறு. புருஷன் ஒரு மூட்டையோடு பின்னால் நின்றார். வழி நெடுக உட்கார்ந்து உட்கார்ந்து, விடியுமுன் கிளம்பி இறங்கியிருக்கிறார்கள்.

“மேல எல்லாருக்கும் நான் பாக்கறேன். எனக்குப் பாக்க ஆளில்லீங்க” என்றாள். “ஒரு மாசம் உங்கூட்டுல இருந்துக்கட்டுங்களா?”

என் ஒற்றை அறையில் அவளுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்துக்கொண்டேன். இருபத்திரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. வலியிலும் எனக்கு அவள் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தாள். பேசாமல் படு என்று அதட்டினேன். அத்தனை வீடுகளில் சேர்ந்து வேலை பார்த்திருந்தும், அன்றைக்குத்தான் நான் அவளை நீ என்று கூப்பிட்டேன்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் புருஷன் வந்து கூட்டிப்போனார். ஏற்றம் தொடங்கும் ஓடைவரை குழந்தையை நான்தான் தூக்கிப் போனேன். அவள் வாங்கிக்கொண்டு, “வாரேங்க” என்று ஏறினாள். மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசலில், பக்கத்து ஊரிலிருந்து பிரசவத்துக்குக் கூட்டிப்போக ஒரு வண்டி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.