பொட்டு வைத்த துண்டு

எங்கள் பெரம்பலூர் கல்லூரியின் தேய்மான ஆய்வகத்தில் பானுப்ரியா இருக்கும்போது தும்மக்கூட யோசிக்க வேண்டும். அங்கிருக்கும் தராசு அப்படி. விரல் பட்ட பிசுக்கைக்கூட எடையாகக் காட்டிவிடும். பக்கத்து ஒர்க்‌ஷாப்காரனான நான் ஒருநாள் டீ கிளாசோடு உள்ளே போய் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் அங்கே டெக்னீஷியன், கீழப்பழுவூரிலிருந்து பன்னிரண்டு வருடமாக பஸ்ஸில் வந்துபோகிறாள். ஒரு அறிக்கையில்கூடத் தப்பு வந்ததில்லை. அப்படிப்பட்டவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தாள்.

அறிவழகன் அரியலூரில் லாரி எஞ்சினுக்கு பிஸ்டன் ரிங் வார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்காரர்கள் அவரிடம் ரிங் வாங்கத் தயார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எங்கள் அறிக்கை வேண்டும் என்றார்கள். ரிங்கில் வெட்டிய துண்டை, சிலிண்டரில் வெட்டிய துண்டின்மேல் எண்ணெய் விட்டு ஆறு மணி நேரம் தேய்க்க வேண்டும். ரிங் துண்டு நாலு மில்லிகிராமுக்கு மேல் எடை குறைந்தால் தேறாது. ஆர்டர் போனால் பட்டறையை மூடுவதைத் தவிர வழியில்லை என்று என்னிடமே சொன்னார்.

சோதனை பாதியில் நிற்கும்போது ஆயுத பூஜை விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்து மீதியை ஓட்டினாள். வியாழன் சாயங்காலம் எடை போட்டால் ஒன்பது மில்லிகிராம் குறைந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு, மெஷினில் மாட்டியிருந்த சிலிண்டர் துண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். பிறகு துணியால் துடைத்தாளே தவிர, கழுவவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வெள்ளி காலை அறிவழகன் வந்ததும், துறைத் தலைவர் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"குங்குமம் உள்ள போயி தேச்சிருக்கும் சார். உங்க ரிங் மேல தப்பில்ல. இன்னொரு ஜோடி துண்டு இருக்கு, இப்பவே ஓட்டுறேன்."

"டெஸ்ட் பண்ற துண்டுல பொட்டு வப்பாங்களாம்மா?" என்று கத்தினார் துறைத் தலைவர். "மெமோ வரும், வாங்கிக்க."

"அது வரட்டும் சார்," என்று மெஷினைப் போட்டாள்.

மணி ஒன்பதரை. இடையில் கரண்ட் போனால் சாயங்காலத்துக்குள் ஆறு மணி நேரத்தை முடிக்க முடியாது. அறிவழகன் நாற்காலி நுனியிலேயே இருந்தார். பன்னிரண்டு மணிக்கு விளக்கு ஒருமுறை மங்கியது, பார்க்க வந்திருந்த நானே மெயின் ஸ்விட்சை எட்டிப் பார்த்தேன். அவள் சாப்பிடவும் எழவில்லை.

மூன்றரைக்கு மெஷின் நின்றது. துண்டைக் கழுவி, காயவைத்து, தராசில் வைத்தாள். எடுத்துத் திரும்ப வைத்தாள். மூன்றாவது முறையும் வைத்தாள்.

"எவ்வளவும்மா?" என்றார் அறிவழகன்.

அவள் தள்ளி நின்று தராசை அவருக்குக் காட்டினாள். எட்டு புள்ளி ஏழு குறைந்திருந்தது. குங்குமம் ஒரு பாவமும் செய்யவில்லை, ரிங்கே அப்படித்தான்.

அறிக்கையை எழுதி அவரிடம் நீட்டினாள். "சரிம்மா. காலையிலேருந்து நீங்க ஒண்ணுமே சாப்புடல. போயி சாப்புடுங்க," என்று அறிக்கையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பைக் சத்தம் கேட் தாண்டும்வரை பானுப்ரியா அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து உடைந்து அழுதாள்.

"என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதாண்ணே?"