தொப்பிக்குக் காரணம் கேட்காதீர்கள்

எனக்குத் தொப்பி பிடிக்கும். சொன்னவுடன் ஏன் என்று கேட்பார்கள். மல்லிகைப்பூ பிடிக்கும் என்று சொல்லும் பெண்ணிடம் யாரும் ஏன் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையில், மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துப் பென்சன் எடுத்து வந்த ஒருவர் இருந்தார். அவர் வீட்டு விறாந்தைச் சுவரில், வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் போடுகிற சோலாத் தொப்பி ஒன்று தொங்கும். அவர் மத்தியானம் கண்ணயரும் நேரம் பார்த்து அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கிணற்றடிக்குப் போய் வாளித் தண்ணீரில் முகம் பார்ப்பேன். தொப்பி மூக்குவரை இறங்கிவிடும். பிடிபட்டு அம்மாவிடம் பூவரசங் கம்பால் வாங்கினேன். மறுநாளும் போனேன்.

எண்பதுகளின் நடுவில் சுவிஸில் உள்ள கூர் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். கணவர் எனக்கு முன்பே வந்து ஒரு ஹோட்டல் குசினியில் வேலைக்கு இருந்தார். முதல் குளிருக்கே எல்லோரும் எனக்குக் கம்பளிக் குல்லாய் தந்தார்கள். குளிருக்கென்று தலையில் எதைப் போட்டாலும் குற்றமில்லை. நான் பழைய சாமான் கடையில் வாங்கியது வேறு. கடும் சிவப்பில் ஒரு ஃபெல்ட் தொப்பி, அகன்ற விளிம்பு, சுற்றிவரக் கறுப்பு ரிப்பன். அதனால் குளிருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, இரண்டு காதும் வெளியே நிற்கும். ஆனால் அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் வாங்கினேன்.

சேலைக்கும் கொண்டைக்கும் தோதாகத் தொப்பி செய்வாரை நான் இதுவரை காணவில்லை. கொண்டையைப் பிடரிக்கு இறக்கிப் போடப் பழகினேன். தேங்காயெண்ணெய் உள்பக்கத்தில் ஊறிக் கறை பிடித்தபோது, பழைய நூல்சேலையைக் கிழித்து உள்ளே ஒரு பட்டி தைத்தேன். வாரத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்துத் தோய்த்துத் திரும்பத் தைப்பேன். மினக்கெட்ட வேலைதான். பிடித்தமான ஒன்றுக்கு மினக்கெடாமல் வேறு எதற்கு மினக்கெடுவது?

கணவருக்கு முதலில் வெட்கம்.

“இஞ்சாரும், சனம் பாக்குது,” என்றார்.

“பாக்கட்டுமே.”

“எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. சரி, நீர் போடும்.”

தெருவில் ஓரடி தள்ளித்தான் நடப்பார். காற்று தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனால் ஓடிப்போய்ப் பிடித்து வருவதும் அவர்தான்.

எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் ஓர் அக்கா இருந்தார். நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்பவர். அவர் சொல்லைத் தட்ட எங்கள் ஆட்களில் யாருக்கும் துணிவு இல்லை. படியில் என்னை மறித்து, “என்ன பிள்ளை, வெள்ளைக்காரி எண்ட நினைப்போ? பூ வைக்கிற தலையிலை இதென்ன கோலம்?” என்றார். பூவும் வைப்பேன், தொப்பியும் போடுவேன் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பஸ்ஸில் ஒரு சுவிஸ் கிழவி மட்டும் தன் தொப்பியைத் தொட்டுக் காட்டி என் தொப்பி நல்ல வடிவு என்றாள். இந்த நாட்டில் என் ஜெர்மன் பேச்சையோ என் சேலையையோ பற்றி அல்லாமல் என் விருப்பத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

பிறகு ஒரு மாரிக் குளிரில் கணவர் போய்விட்டார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. சடங்குகளில் என் பொட்டை எடுத்தார்கள். தடுக்கவில்லை. அந்த நாட்களில் நெற்றியைப் பற்றி யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில்தான் எனக்கு வேலை. திரும்ப வேலைக்குப் போன அன்று தொப்பியை எடுத்துப் போட்டேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கா என் தோளைத் தடவி, “போடும் பிள்ளை, போடும். வெறும் நெத்தியை ஆரும் பாக்காமல் அது மறைக்கும்,” என்றார். முன்பு ஏசிய வாய்கள் எல்லாம் இப்போது ‘பாவம், மறைக்கப் போடுறா’ என்றன. ஏச்சை நான் தாங்கியிருப்பேன். கிணற்றடியில் இருந்து என்னோடு வந்த ஆசையை எடுத்து, அதை ஒரு முக்காடாக ஆக்கிவிட்டார்களே. என் கணவர் ஓடிப் பிடித்துத் தந்த தொப்பியை அவருடைய சாவுக்கு அடையாளமாக்கிவிட்டார்களே. இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கோடையில், என்னோடு சலவையில் நின்ற பிள்ளைக்குக் கலியாணம். அவளுக்கு இங்கே சொந்தமென்று யாரும் இல்லை. “அக்கா, நீங்கள் முன்னுக்கு இருக்க வேணும். உங்களைப் பாத்துக்கொண்டுதான் நான் கழுத்தை நீட்டுவன்,” என்று கையைப் பிடித்துக் கேட்டாள். ஓம் என்றேன்.

தேவாலயத்து மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பச்சைப் பட்டும் சிவப்புத் தொப்பியுமாகப் போனேன். வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்த மேசையின் பின்னால் மேல்மாடி அக்கா நின்றார். எனக்கு முன்னால் போன பெண்கள் எல்லோருக்கும் பன்னீர் தெளித்துத் தட்டை நீட்டினார். என் முறை வந்ததும் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீர் உள்ளுக்குப் போம் பிள்ளை. பின்னுக்கு ஒரு கரையிலை இரும். தொப்பியைக் கழட்டத் தேவையில்லை, ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தேன். மேசைக்கு மேலால் எட்டி, குங்குமத்தில் விரலைத் தோய்த்து, நெற்றியில் பெரிதாக வைத்தேன். அக்காவின் கை பன்னீர்ச் செம்போடு அந்தரத்தில் நின்றது.

“எனக்கும் தெளியுங்கோ அக்கா.”

பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். தெளித்தார்.

தொப்பியைத் திரும்பப் போட்டு, நெற்றி முழுதும் தெரியப் பின்னால் தள்ளிவிட்டு, முன்வரிசையில் மணவறைக்கு நேரே போய் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்பு எழுந்தது. நான் திரும்பவில்லை. கெட்டிமேளத்துக்குச் சற்று முன், எனக்கு அடுத்த பின்வரிசையில் இருந்த ஒரு கிழவர் என் தோளைத் தட்டினார்.

“பிள்ளை, தாலி கட்டுறது தெரியேல்லை. உந்தத் தொப்பி மறைக்குது.”

என் தொப்பியைப் பற்றி எங்கள் ஆட்கள் சொன்ன முதல் நியாயமான பேச்சு அது. உடனே கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மணமகள் தலையை நிமிர்த்தி என்னைத் தேடினாள். குங்குமத்தைக் கண்டு சிரித்தாள். பிறகு கழுத்தை நீட்டினாள்.