முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லுங்க சார்

உத்தியோகத்துல ஈ-மெயில் அனுப்புறது சுலபங்க, எதிராளிக்குப் புரியற மாதிரி எழுத விடமாட்டாங்க பாருங்க, அதுதான் கஷ்டம். மெயில் போட்டுட்டுப் பதிலுக்காகத் தேவுடு காத்த சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளோட கடைசி. பாண்டி பஜார் பின்னாடி, வெளிநாட்டுக்குச் சட்டை அனுப்புற ஒரு கம்பெனியில ஸ்டெனோவா சேர்ந்தேன். ஆபீசுக்கே ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெயில் முகவரி, ரெண்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தி. ஆறு மாசம் தற்காலிகம். "மெயிலைச் சுருக்கமா, தெளிவா ஓட வெச்சுக் காட்டும்மா செல்வி, முதலாளிகிட்ட சொல்லி நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார் மேனேஜர் வரதராஜன் சார். வீட்டுல சம்பாதிக்கிற ஆள் நான் மட்டும்தான். அதனால உயிரைக் கொடுத்து ஓட்டினேன்.

சட்டை சம்பந்தமாக

சார் மைலாப்பூர்க்காரர், அரசாங்க உத்தியோகத்துல ரிட்டயர் ஆகி வந்தவர். அவர் மெயிலைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சு, பிரின்ட் எடுத்து நீட்டணும். பச்சை மையில கையெழுத்து போடுவார். சீல் குத்தி ஃபைல்ல வெச்ச பிறகுதான் மோடத்தையே தொடலாம். ஆக, கையெழுத்து போட்ட காகிதம் ஃபைல்ல தூங்கும், கையெழுத்தே இல்லாத மெயில் ஜெர்மனிக்குப் போகும்.

எல்லா மெயிலுக்கும் தலைப்பு ஒண்ணேதான்: 'சட்டை சம்பந்தமாக'. நாங்க விக்கிறதே சட்டைதானே, வேற எது சம்பந்தமா இருக்கும்? பழைய மெயிலைத் தேட முடியலைன்னு எங்ககிட்ட சட்டை வாங்குற ஜெர்மனிக்காரர் புலம்பி எழுதியிருந்தார். 'காலர் அளவு, பதில் தேவை' அப்படின்னு தலைப்பு போடலாமேன்னு சார்கிட்ட கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் தலைப்புலயே சொல்லிண்டு இருந்தா, உள்ள அவன் எதைம்மா படிப்பான்?"

பதினோரு நகல்

அடுத்து நகல் வியாதி. ஜெர்மனிக்காரர் பட்டன் வெள்ளையா நீலமான்னு கேட்டாக்கூட பதினோரு பேருக்கு நகல் போகணும். கம்ப்யூட்டர்தான் ஒண்ணாச்சே, அத்தனையும் பிரின்ட்தான். பட்டன் கேள்விக்கு எட்டு நாளா ஒருத்தரும் பதில் சொல்லலை. மத்தவங்க சொல்லிடுவாங்கன்னு ஆளாளுக்குச் சும்மா இருந்துட்டாங்க.

பஸ் பிடிச்சு, எங்க சட்டை தைக்கிற கிண்டி ஃபாக்டரிக்கே போனேன். அங்க தையல் சூப்பர்வைசர் ஏழுமலை, என் நகலை விரிச்சு வெச்சு பஜ்ஜி தின்னுக்கினு இருந்தாரு. எண்ணெய்க்கு நடுவுல ஜெர்மனிக்காரரோட பட்டன் கேள்வி பளபளன்னு தெரிஞ்சுது. ஏன் படிக்கலைன்னு சண்டைக்குப் போனேன். மனுஷன் அசரவே இல்லை. "இன்னா மேடம், பதினோரு பேருக்கு அனுப்பிச்சா எவன் படிப்பான்? எனுக்கு மட்டும் அனுப்பு, அய்யோ மாட்டிக்கினமேன்னு படிப்பேன்."

ஒரு வார்த்தை போதும்

'ஐயாயிரம் சட்டை இருபதாம் தேதி கப்பல் ஏறுமா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும்' என்று ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. ஏழுமலையைக் கேட்டேன். ரெண்டு மெஷின் படுத்துடுச்சு, இருபத்தெட்டுக்கு முன்னாடி சான்ஸே இல்லைன்னுட்டார். சாருக்கோ 'முடியாது'ங்கற வார்த்தை நாக்குல வராது. 'தங்கள் மேலான விருப்பத்தை நிறைவேற்ற இயன்ற அனைத்து முயற்சிகளையும்' என்று ஒரு பக்கத்துக்குச் சொன்னார். அதைப் படிச்சா ஜெர்மனிக்காரர் சரின்னுதான் நினைப்பார். கப்பல்ல இடம் பிடிப்பார். சட்டை வராது. அப்புறம் நம்ம பக்கம் தலை வெச்சுப் படுப்பாரா?

பிரின்ட்ல கையெழுத்து வாங்கி ஃபைல் பண்ணிட்டேன். அனுப்புறப்போ மட்டும் அத்தனையும் அழிச்சுட்டு ரெண்டே வரி அடிச்சேன்: 'இருபதாம் தேதி முடியாது. இருபத்தெட்டாம் தேதி முடியும்.' மறுநாள் பதில்: 'நன்றி. இருபத்தெட்டு போதும். உங்கள் ஆபீசிலிருந்து எனக்குப் புரிந்த முதல் மெயில் இதுதான்.' அதுக்குக் கீழேயே என் ரெண்டு வரியும் ஒட்டிக்கிட்டு வந்திருந்தது. சார் ரெண்டு தரம் படிச்சார். சீட்டு கிழிஞ்சுதுடின்னு நின்னேன். "இப்படி மொட்டையா முடியாதுன்னா அந்த மனுஷன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? மன்னிப்பு கேட்டு ஒரு பக்கத்துக்கு மெயில் போடு."

எனக்கு வந்த பதில்

ஆறு மாசம் முடிஞ்சுது. என் வேலை என்னாச்சுன்னு சாரை மூணு தரம் கேட்டேன். "பாக்கலாம்." "யோசிச்சிண்டிருக்கேன்." "நல்லதே நடக்கும்." பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு ஆபீஸ் முகவரிக்கே ஒரு மெயில் போட்டேன். தலைப்பு: 'செல்வி நிரந்தரமா இல்லையா, வெள்ளிக்குள் பதில் தேவை.' நானே பிரின்ட் எடுத்து அவர் மேஜையில வெச்சேன். பச்சை மையில திரும்பி வந்தது: 'நேரில் பேசவும்.'

போனேன். "முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லுங்க சார், நான் வேற இடம் பார்த்துக்கறேன்" என்றேன். சார் ஃபேனைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "முடியாதும்மா. முதலாளியோட மச்சினி பொண்ணு திங்கட்கிழமை சேர்றா" என்றார். அவர் வாயிலேர்ந்து நான் கேட்ட முதல் தெளிவான பதில். அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு, அடக்கவே முடியலை. அவருக்கும் முகம் சுருங்கிப்போச்சு. டம்ளர் தண்ணியை என் பக்கம் தள்ளிட்டுச் சொன்னார்: "உன் அனுபவச் சான்றிதழை நீயே டைப் பண்ணிக்கோம்மா, வஞ்சனையில்லாம ரெண்டு பக்கம் எழுதிக்கோ, கையெழுத்து போட்டுத் தரேன்."

ஊருக்கெல்லாம் தெளிவா 'முடியாது' சொல்லக் கத்துக்கொடுக்கக் கிளம்புற மகராசிகளே, அதை முதல்ல நம்மகிட்டதான் சொல்லிப் பழகுவாங்கங்கறதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.