தீப்பெட்டி என் பையில்

காலமெல்லாம் அரசாங்க விதிமுறைகளோடு குடித்தனம் நடத்தியவனை யாரும் ஆசையாகக் காட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். மச்சானும் ஆசையாகக் கூப்பிடவில்லை. தனியாகப் போனால் காலை உடைப்பேன் என்று அவன் அக்கா, அதாவது என் மனைவி, சொல்லிவிட்டாள்.

பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் மகள் பிழைத்து எழுந்திருந்தாள். அதற்காக அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருந்தான். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளுக்குப் பாதம் பழக வேண்டுமாம். கொடிமலைக் காட்டுப் பாதையில் வெறுங்காலோடு நடக்கப் போகிறானாம்.

"கால்ல ஏதாவது ஏறிச்சின்னா காவடி போச்சு, மச்சான்."

"முருகன் பாத்துக்குவாரு, அத்தான்."

முருகனுக்கு அன்று வேறு வேலை இருக்கலாம் என்று அவனுடைய சப்பாத்தை என் பையில் வைத்துக்கொண்டேன். எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்று மனைவியிடம் சொன்னேன். இருவர் கழுத்திலும் விசில் மாட்டினேன். பல நாளாக மழை இல்லை. சருகுகள் அப்பளமாக நொறுங்கின. ஆகவே காட்டு முகப்பிலேயே அவன் பையைச் சோதித்து, கற்பூரத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டியைப் பறிமுதல் செய்தேன்.

"ரிட்டயராகியும் ஆபீஸ விடலையா? இந்தக் காட்டுல உங்க ஆபீஸ் ஃபாரத்துக்கு யாரு லா ரப்பர் சாப் குத்தப் போறா? குரங்கா?"

பாதி வழியில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஆளைக் காணோம். பாதைக்குக் கீழே, சரிவில், ஒரு பெரிய மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி. நம் ஆட்களுக்கு அது போதும். எந்தச் சாமி, அங்கே போக வழி உண்டா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.

பின்னாலேயே ஓடியிருந்தால் காணாமல் போனவர்கள் இருவராகியிருப்போம். நின்ற இடத்திலிருந்தே விசில் ஊதினேன். முதலில் குரங்குகள் பதில் சொன்னன. பிறகு மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து மெலிதாக ஒரு விசில்.

"அசையாத! அங்கேயே இரு!"

அலுவலகத்தில் ஒருவரும் என் பேச்சை இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை. ஆரஞ்சு நிற மழைக்கோட்டைப் பாதையோர மரத்தில் கட்டி, அது கண்ணிலிருந்து மறையாதபடி மெல்ல இறங்கினேன்.

ஒரு வேரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டடி தள்ளி நேர்ப்பள்ளம், அடியில் பாறை. உள்ளங்காலில் பிரம்பு முள். முன்னால் காய்ந்த சருகுக் குவியல்மேல் கற்பூரப் பொட்டலம், பிரித்தபடி.

"கும்பிட்டாச்சா?"

"எப்படிக் கும்பிடறது? தீப்பெட்டி உங்ககிட்டதான லா இருக்கு!"

பணிக்காலத்தில் எனக்குப் பாராட்டுப் பத்திரங்கள் வந்ததுண்டு. அந்தப் புகாரின் இனிப்பு எதிலும் இல்லை.

முள்ளைப் பிடுங்கி, கழுவி, கட்டுப் போட்டு, சப்பாத்தை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டான். சொன்ன நேரத்துக்கு முன்பே வீட்டில் இருந்தோம். வாசலில் கைப்பேசியோடு நின்ற மனைவி என்னை விட்டுவிட்டுத் தம்பியைத் திட்டி, ஊசி போட கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

புண் ஆறிவிட்டது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. எங்களோடு நின்ற அவன் மகள் எட்டி எட்டிப் பார்த்தாள். அப்பா எங்கே என்று தெரியவில்லை. அப்போது மயிலிறகுகளுக்கு நடுவிலிருந்து ஒரு விசில் கேட்டது. உருத்திராட்ச மாலையோடு நான் கொடுத்த விசிலையும் மாட்டியிருக்கிறான்.

"அசையாம இருங்க, அத்தான்! நானே வரேன்!"

வந்தான். எங்களைக் கடந்து, வெறுங்காலோடு, உச்சிவரைக்கும் ஏறினான்.