என் மகனுக்கு ராணுவம் எழுதிக் கொடுத்த வயது

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிற வேலை எனக்கு. ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும், அட்டைகளில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“அம்மா, மிலிட்டரி கேம்ப்லேர்ந்து பேசறேன். நானும் தமிழ்தான், ஊரு வேலூர்ப் பக்கம். பயப்படாதீங்க. உங்க பையன் எங்ககிட்ட கீறான்.”

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். அட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் ஒவ்வொரு வருடம் கூடுதலாக உட்கார்ந்து, பிளஸ் ஒன்னில் பாதியோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒன்றில் ஏறிப் போயிருந்தான் என் மகன். வடகிழக்கே எங்கோ மலை நாடு. அங்கே ராணுவத்துக்குத் தனிச் சட்டமாம். சந்தேகம் வந்தால் யாரையும் பிடித்து வைக்கலாம். இவன் பாலத்தின் மேல் ராணுவ வண்டிகள் வரிசையாகப் போவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். அடியில் ‘நம்ம கெத்து’ என்று எழுத்து வேறு. சும்மா விடுவார்களா?

“பையனுக்கு இன்னா வயசும்மா?”

வண்டி முதலாளி எனக்குச் சொல்லி வைத்திருந்த பாடம் அது. யார் கேட்டாலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், ஒரே பதில். “பத்தொம்பது முடிஞ்சு இருவது நடக்குதுங்க சார்” என்றேன், கணீரென்று.

“நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க.”

“பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? பத்தொம்பதுங்க.”

அந்தப் பக்கம் பெருமூச்சு. “அப்ப போலீஸ்ல ஒப்படைச்சு கேசு போட்ருவாங்கம்மா. பதினெட்டு நிரம்பலைன்னா கேசு இல்லாம, பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கினு அனுப்பிடலாம்னு எங்க கேப்டன் சொன்னார். சாயங்காலம் வரைக்கும்தான் டைம்.”

“சார், சார், அவனுக்குப் பதினாறுங்க. பதினாறும் ஏழு மாசமும்.”

“இப்பதானேம்மா பத்தொம்பதுன்னீங்க? அங்க இன்னா சத்தம்?”

“கோழிங்க.”

“அதுங்களுக்கு இன்னா வயசு?”

“நாப்பத்திரண்டு வாரமுங்க.” பண்ணையில் கோழிக்கு வயது வாரக் கணக்கு, பலகையில் எழுதித் தொங்கும்.

“கோழிக்கு வாரம் தப்பாம சொல்றீங்க. பையனுக்கு மூணு வருசம் இடிக்குது. பேப்பர் எதுனா இருந்தா அனுப்புங்க.”

வீட்டுக்கு ஓடினேன். என்னோடு வேலை செய்கிற அக்காவும் கூடவே வந்தாள். பெட்டியைக் கவிழ்த்தோம். பள்ளிக்கூடச் சான்றிதழ் வந்தது. அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இவனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது மூன்றரை வயது. வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வழியில்லாமல், ஐந்து என்று சொல்லி வாத்தியார் கையில் பிடித்துக் கொடுத்திருந்தேன். ஆதாரும் அதைப் பார்த்து எடுத்ததுதான். அந்தக் கணக்குப்படி போன மாதம்தான் இவனுக்குப் பதினெட்டு முடிந்திருக்கிறது.

“ஏம்புள்ள, ஒரு பையனுக்கு எத்தனை வயசைப் பெத்து வெச்சிருக்கறே?” என்றாள் அக்கா.

அடியில் கிடந்தது நகராட்சிப் பிறப்புச் சான்றிதழ். அதில் உண்மை இருந்தது, பெயர் இல்லை. பெயர் வைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது, எழுதவே இல்லை. ஆண் குழந்தை, தாய், தகப்பன், அவ்வளவுதான். படம் பிடித்து அனுப்பினேன்.

காலையில் பேசிய சிப்பாய் தம்பி உடனே கூப்பிட்டார். “இது அந்தப் பையன்தான்னு எப்பிடிம்மா நம்பறது? பத்தொம்பது வயசுல ஒருத்தன், பதினாறுல ஒருத்தன், ரெண்டு பேர் இருந்தா?”

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க சாமி.”

“கேப்டன் கேக்கறாரு, காலையில சொன்னீங்களே அந்தப் பெரியவன் எங்கேன்னு.”

இல்லாத மூத்த மகனை நான் எங்கிருந்து கொண்டுவந்து காட்ட? அக்காதான் ரேஷன் கார்டை என் கையில் திணித்தாள். அதில் மூன்றே பெயர்: வீட்டுக்காரர், நான், இவன். அனுப்பிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு மறுபடி போன் வந்தது. “கேப்டன் ஒத்துக்கினார்மா. சிரிச்சுக்கினே ஒத்துக்கினார். இந்தாங்க, பையன்கிட்ட பேசுங்க.”

“அடிச்சாங்களா சாமி?”

“இல்லீங்மா. தனி ரூம்புல உக்கார வெச்சிருக்கறாங்க. முடி வெட்டி உட்டுட்டாங்க. சப்பாத்திதான் போட்டுட்டே இருக்கறாங்க, போதும்னா கேக்க மாட்டேங்கறாங்க.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்காரர் நான்கு நாள் ரயிலில் போய்க் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தார். ராணுவம் கொடுத்த தாளில் பையன் பெயரும் வயது பதினாறு என்பதும் முத்திரையோடு இருந்தன. வந்த மறுநாளே வண்டி முதலாளி போன் செய்தார். “அக்கா, அடுத்த சைட்டுக்கு ஆள் பத்தலைங்க. பையனுக்கு இப்ப என்ன வயசுன்னு வெச்சுக்கலாம்?”

“பதினாறுங்க. பதினெட்டாக ஒண்ணரை வருசம் கெடக்குதுங்க. சந்தேகமிருந்தா மிலிட்டரியில கேட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு, விட்ட வகுப்பிலேயே மறுபடி சேர்க்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.