பூனையின் சிபாரிசு

எனக்கு வேலை நிரந்தரமானது ஒரு பூனையின் சிபாரிசில். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஐம்பதுகளின் கடைசி. பெங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கண்டோன்மென்ட்டில், ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்புக்கு நான் தற்காலிக டீச்சர். இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்துச் சரி என்று சொன்னால் இருக்கலாம். இல்லையென்றால் ஆற்காட்டில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாடத்தை மனப்பாடம் பண்ண வெச்சிடும்மா, அது போதும்," என்றார் தலைமையாசிரியை. நான் கேட்கிற ஆளா?

பாடத்தில் ஒரு பூனைக் கதை. வீட்டுக்கார அம்மாள் பாயசத்துக்கு வைத்திருந்த பாலைப் பூனை குடித்துவிடுகிறது. அடி வாங்கிக்கொண்டு ஓடுகிறது. அவ்வளவுதான் கதை. "பூனை என்ன நினைச்சிருக்கும்?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில், "திருடக் கூடாது டீச்சர்!" என்று கத்தும். அடி வாங்கின பூனை உட்கார்ந்து நீதி சொல்லிக்கொண்டிருக்குமா? எனக்கு வந்த கோபத்தில், இனி யாரும் 'பூனை' என்ற வார்த்தையையே சொல்லக் கூடாது, 'நான்' என்றுதான் கதையைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். சொல்கிறவர் இடுப்பில் என் பழைய துண்டு வாலாகத் தொங்கும்.

வால் வந்ததும் வாயும் வந்துவிட்டது. "எனக்குக் குளிருது," என்றான் ஒருவன். "எனக்குக் குட்டி இருக்கு, அதுக்குப் பசிக்குது," என்றாள் இன்னொருத்தி. பக்கத்து வகுப்பிலிருந்து தலைமையாசிரியை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு வாயாடியைக் கூப்பிட்டு, "பூனை ஏன் பால் குடிச்சுது?" என்றார். அவள் ஓடிப் போய்த் துண்டைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க தெருவுல எல்லாரும் என்னைப் பாத்தா 'பேக்கு, பேக்கு'ம்பாங்க சார். அன்னிக்கு நான் பால்கிட்ட நின்னேன். அந்த அம்மாவும் 'பேக்கு!'ன்னாங்க. எனக்கு வேணுமான்னுதான் கேக்கறாங்கன்னு குடிச்சிட்டேன். அப்புறம் ஏன் அடிச்சாங்கன்னே தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னடத்தில் பூனைக்குப் 'பெக்கு' என்று பேர். 'பேக்கு' என்றால் வேண்டும் என்று அர்த்தம். தெருவில் காதால் கற்ற கன்னடத்தில் இவள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். தப்புதான். ஆனால் அந்தத் தப்பில் பூனை முழுசாக நிரபராதியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, இப்போ நீ பூனை இல்லே. உங்க டீச்சர். என்ன நெனைக்கிறே, சொல்லு பாக்கலாம்," என்றார்.

அவள் வாலை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இந்த சார் என்னை வேணாம்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு. கையில சாக்பீஸ் எல்லாம் பொடியாயிடுச்சு. எனக்கு இங்கியே இருக்கணும்."

என் வேலை தற்காலிகம் என்று பிள்ளைகளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என்னை யாரும் அதற்கு முன் அவ்வளவு சரியாகப் படித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"பேக்கா அம்மா?"

"பேக்கு, சார்," என்றேன்.

வகுப்பு மொத்தமும் "மியாவ்!" என்றது.